புள்ளி எடுக்கிறவன்

என் கடையிலிருந்து புள்ளியோடு ஒரு படம் வெளியே போனதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. அடையாள அட்டைக்கு எடுக்கிற சின்னப் படமானாலும் சரி, கல்யாண ஆல்பமானாலும் சரி, கம்ப்யூட்டரில் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, முகத்தில் பரு, சுவரில் கறை, பல்லில் காவி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் அச்சுப் போடுவேன். யாரும் கேட்கமாட்டார்கள். நானாகவே செய்வேன். "உன்கிட்ட படம் எடுத்தா என் மாமியார்கூட நல்லவங்களாத் தெரியுறாங்கப்பா" என்று எதிர்க்கடை மருந்துக்காரர் சொல்லுவார். அந்தக் கைச்சுத்தத்தால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் சாலையின் கோடியில் கல் அரைக்கும் மில் இருக்கிறது. லாரிகளில் வெள்ளைக் கல் வந்து இறங்கும். அதை உடைத்து, அரைத்து, சலித்து, முகப்பவுடர் மாதிரி மாவாக்கி மூட்டை கட்டி அனுப்புவார்கள். கண்ணாடி செய்ய, ஓடு செய்ய, பாத்திரம் துலக்கும் பொடி செய்ய என்று எங்கெங்கோ போகும். சாயங்காலம் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்போது புருவம், காதுமடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கடைத்தெருவில் அவர்களுக்கு 'வெள்ளைக்காரங்க' என்று பெயர். அவர்களும் அப்படியே சொல்லிக்கொள்வார்கள். டீக்கடையில் அவர்களுக்கென்று வெளியே தனி பெஞ்சு போட்டிருக்கிறது. இவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தால் டீக்குப் பால் ஊற்ற வேண்டியதில்லை என்று டீக்கடைக்காரர் கேலி பண்ணுவார், அவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். மில்லில் குளிக்க இடம் கிடையாது. இருந்த ஒரு குழாயையும் மிஷினுக்கு இழுத்துவிட்டார்கள். அதனால் அவரவர் வெள்ளையை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் கழுவியாக வேண்டும்.

நான் சொல்லவந்த வெள்ளைக்காரர் அங்கே மூட்டை தைக்கிறவர். மேலே இருந்து மாவு கொட்டி மூட்டை நிரம்பியதும் அதன் வாயைக் கைமிஷினால் தைத்துத் தள்ள வேண்டும். பதினெட்டு வருஷமாக அதே வேலை. ஒருநாள் மில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர், எடுத்து முடித்த பிறகும் போகாமல், கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த பழைய கேமராக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எது சின்னது என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"சும்மாதாண்ணே. மகளைக் கட்டிக்குடுத்து அனுப்பிட்டோம். ஞாயித்துக்கிழமையானா வீட்டுல என்ன பண்றதுன்னு தெரியல."

சீட்டாடப் போகாமல், குடிக்கப் போகாமல் கேமரா கேட்டு வருகிற மனிதர் இவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு, சட்டைப்பையில் அடங்குகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். யாரோ வேண்டாமென்று விட்டுப்போனது அது.

முதல் மாதம் எல்லாப் படத்திலும் தலை வெட்டுப்பட்டிருந்தது. இரண்டாம் மாதம் தலை வந்தது, கால் போனது. நான் விடாமல் கிண்டலடித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமை சாயங்காலமும் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி, ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார். பிறகு எப்போது என்று தெரியாது, படங்கள் மாறிவிட்டன. செருப்புத் தைக்கிறவர் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு குனிந்திருப்பது, குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றுகிற நொடி, இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியைத் தூக்கி ஊதுவது. ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அந்த மாதிரி ஒரு படம்கூட எடுக்க வராது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், ஊரில் சிரிக்கிற ஆளே இல்லையா என்று கேட்டேன்.

"சிரிக்கும்போது எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்கண்ணே. வேலை செய்யும்போதுதான் ஆளு தெரியுது" என்றார்.

ஆனால் பாதிக்குமேல் அவர் மனைவியின் படங்கள்தான். அடுப்பு மூட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, துணி உதறுவது. அந்தத் துணி உதறுகிற படம் வாரா வாரம் வரும், ஒருமுறைகூடச் சரியாக இருக்காது. அவர் வேலை முடிந்து வீடு போய்ச் சேர்வதற்குள் பொழுது இறங்கிவிடும். ஃபிளாஷ் போட்டால்தான் ஏதாவது தெரியும். அந்தச் சின்னக் கேமராவோ, பித்தானை அழுத்தினால் யோசித்து யோசித்து, சட்டை கீழே வந்து சேர்ந்த பிறகுதான் கண்ணைச் சிமிட்டும்.

அந்தப் படங்களில்தான் புள்ளிகள் இருந்தன. வெள்ளையாக, வட்டமாக, சின்னதும் பெரியதுமாக, சுவர்மேல், சேலைமேல், முகத்தின்மேல். மட்டமான கேமரா, கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்திருக்கும் என்று முடிவுகட்டினேன். மில் ஆண்டு விழாவில் நானே போய் எடுத்த கூட்டப் படத்திலும் இதே மாதிரி வந்தது. அதற்கு என் லென்ஸைத் துடைத்தேன், ஈரக்காற்று என்று நினைத்தேன், புள்ளியை எடுத்துவிட்டு அச்சுப்போட்டேன். என்னுடையதற்கே அப்படிச் செய்தவன் அவருடையதை விட்டுவைப்பேனா? ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தமாகத்தான் கொடுத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் கொடுத்த கேமராவைக் குறை சொல்வார் என்ற பயமும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கேமராவின் திரை தீப்பெட்டி அளவு; அதில் அவருக்கு ஒன்றும் தெரிய வழியில்லை. என் அச்சைத்தான் அவர் பார்த்தார்.

அவர் மனைவியை ஒருமுறை கடைக்கு அழைத்துவந்தார். நல்ல வாட்டசாட்டமான பெண்மணி, குரலும் அப்படியே. தன் படங்களைப் பார்த்துவிட்டு, இவர் கண்ணுக்கு நான் வேலைக்காரியாகத்தான் தெரிகிறேன், இரண்டு வருஷத்தில் சும்மா உட்கார்ந்த மாதிரி ஒரு படம் உண்டா பாருங்கள் என்று என்னிடமே நியாயம் கேட்டாள். துணி உதறும் படத்தைப் பற்றிக் கேட்டேன். அப்போது அதிலே ஒரு கணக்கு இருப்பதை விளக்கினாள்.

"மாவோட நனைச்சா பசையாப் போயிடும்ணே. தையல்ல போய் உக்காந்துக்கிட்டா சட்டை அட்டை மாதிரி நிக்கும், கழுத்தை அறுக்கும். நல்லா நாலு உதறு உதறி, சுவத்துல அடிச்சு, அப்புறம்தான் தண்ணி காட்டணும். மில்லு லைன் வீட்டுக்குப் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

சொல்லி முடிக்கும்போது இருமினாள். சாதாரண இருமல்தான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

அந்த இருமல் பிறகு போகவில்லை. சளி என்று மருந்து கொடுத்தார்கள். ஒவ்வாமை என்று ஊசி போட்டார்கள். அப்புறம் எக்ஸ்ரே பிடித்துப் பார்த்து, காசநோய் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார்கள். அந்த மாத்திரையைப் போட்டால் அவளுக்குக் கஞ்சிகூட வயிற்றில் நிற்காது. ஆறு மாதம் முடிந்தது, இருமல் முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். டாக்டர் ஒவ்வொரு தடவையும், மில்லில் வேலை செய்கிறாயா என்று தவறாமல் கேட்டாராம். மில் வாசலைக்கூட மிதித்ததில்லை என்று அவளும் தவறாமல் சொன்னாள். அது சத்தியமான பேச்சு. டாக்டருக்கு அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் அவர் நல்ல கேமரா வேண்டுமென்று வந்தார். வீட்டில் இப்படி இருக்கும்போது இது எதற்கு என்று எனக்கே தோன்றியது, கேட்டும்விட்டேன்.

"இளைச்சுக்கிட்டே போறாண்ணே. கையைப் பார்த்தீங்கன்னா எலும்புதான். அவ உதறும்போது ஒரு தடவை பார்க்கணும் நீங்க. சட்டை அப்படியே ஆளு மாதிரி எந்திரிச்சு நிக்கும். தெம்பு இருக்கும்போதே அதை ஒண்ணு எடுத்து வச்சுடணும். அவ்வளவுதான்."

நான் வியாபாரி. நீளமான லென்ஸ் வைத்த ஒரு கேமராவைத் தூக்கி முன்னால் வைத்து, நிலாவில் பள்ளம் தெரியும், அடுத்த தெருவில் நிற்கிறவன் சட்டைப் பித்தான் தெரியும் என்று அளந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் மயங்குவார்கள். அவர் மயங்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவளை எடுக்க அடுத்த தெரு எதற்கு என்றார். இன்னொன்றைக் காட்டி, இத்தனை லட்சம் பிக்சல் புள்ளி இதில் இருக்கிறது, எவ்வளவு பெரிசாகப் போட்டாலும் உடையாது என்றேன். அதைக் கையில் வாங்கி, பித்தானை அழுத்தி, காதோரம் வைத்துக் கேட்டார்.

"சட்டை மேல இருக்கும்போது அழுத்துனா, மேல இருக்கும்போதே பிடிக்குமா? அதை மட்டும் சொல்லுங்க."

கடையில் தொங்கிய துண்டை எடுத்து நான் உதற, அவர் ஒவ்வொரு கேமராவாக எடுத்துப் பார்த்தார். வாசலில் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். ஏழெட்டு உதறலுக்குப் பிறகு, ஒரு கல்யாணப் படக்காரர் விற்கச் சொல்லிக் கொடுத்திருந்த பழைய கறுப்புக் கேமராவில் துண்டு அந்தரத்தில் அப்படியே நின்றது. மேலே தனியாக மாட்டுகிற பெரிய ஃபிளாஷும் அதோடு உண்டு. பின்பக்கத் திரை உள்ளங்கை அகலம். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். அது மற்றவர்கள் சிரிப்பைப் போலத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம், மில் உடுப்போடு, முகம்கூடத் துடைக்காமல் கடைக்குள் வந்தார். வழக்கமாகப் படிக்குக் கீழேயே நின்று உதறிக்கொண்டு ஏறுகிறவர். கேமராவை மேசைமேல் வைத்தார்.

"கேமரா சரியில்லண்ணே. மாத்திக் குடுங்க."

திரையைப் பார்த்தேன். அவர் ஆசைப்பட்ட படம்தான், ஆனால் எங்கும் வெள்ளைப் புள்ளி. பூஞ்சை பிடித்த பழைய கேமராவில் வந்த அதே வட்டங்கள், அதைவிட அடர்த்தியாக. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன், துடைத்தேன், உள்ளே ஊதினேன். கடைக்குள்ளேயே ஃபிளாஷ் போட்டு நாலு படம் எடுத்தேன். சுவர், நாற்காலி, மருந்துக்காரர் முகம். ஒரு புள்ளி இல்லை. வெளியே போய்ச் சாலையில் எடுத்தேன். அதிலும் இல்லை. கேமராவில் கோளாறு இல்லையே, படத்தைக் கொடுங்கள், புள்ளியை நான் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"எடுத்துத் தர்றது எதுக்குண்ணே? பழைய கேமராவுல இப்படி வரலியே. ஒரு படத்துலகூட வரலியே."

நாளைக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அவரோடு போனேன். மில் லைன் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டினவை. முன்னால் ஒரு அறை, நடுவில் சமையல், பின்னால் நாலு பக்கமும் ஆள் உயரச் சுவர் வைத்த துவைக்கிற இடம். காற்று வந்தால் மேலே இருந்துதான் வரவேண்டும். பெட்ஷீட் விரிக்கிற அளவுகூட இராது. ஒரு கல், ஒரு வாளி, ஒரு கொடி. வீடு பளிச்சென்று இருந்தது. டம்ளர்கள் கவிழ்த்து வைத்த தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவரெல்லாம் நான் அச்சுப்போட்டுக் கொடுத்த படங்கள். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

அவளைப் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால் பொய், அடையாளம் மட்டும்தான் இருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். அப்படியும் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இன்றைக்கு உதற வேண்டாம், அவளுக்கு முடியவில்லை என்று அவர் தடுத்தார்.

"அண்ணன் கடையைச் சாத்திட்டு வந்திருக்காரு. நாலு உதறு உதறுனா செத்தா போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள்.

அவர் சொன்னது உண்மைதான். இடது காலைக் கொஞ்சம் பின்னால் வைத்து, தோளிலிருந்து ஒரு வீச்சு. சட்டை கைகால் முளைத்து எழுந்து நின்றது. ஃபிளாஷ் அடித்தது. அடுத்து சுவரில் நாலு அடி, மறுபடி ஃபிளாஷ். அவள் வாளிமேல் கையை ஊன்றிக் குனிந்து இருமிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். கையும் சட்டையும் அவ்வளவு துல்லியம். முகம் முழுக்கப் புள்ளி. கேமராவை வாங்கி வாசலுக்குப் போய்த் தெருவை எடுத்தேன். சுத்தமாக இருந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, உதறாமல், ஆள் யாரும் இல்லாமல், வெறும் பின்பக்கத்தை மட்டும் எடுத்தேன். அதிலும் இருந்தது. சமையல் இடத்தை எடுத்தேன். கொஞ்சம் குறைவாக, அதிலும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பின்னால் போய், துவைக்கிற கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னண்ணே, கேமரா அவுட்டா?" என்றாள்.

"கேமரா நல்லா இருக்கும்மா."

"அப்ப இது என்ன?"

"மாவு."

அவள் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். நானும் பார்த்தேன். நல்ல சாயங்காலக் காற்று, ஒன்றுமே தெரியவில்லை.

"எங்கண்ணே இருக்கு? ஒண்ணும் காணோமே."

"சும்மாப் பார்த்தா தெரியாதும்மா. வெளிச்சம் நேரா பட்டாத்தான் தெரியும். நீ உதறுறப்ப கீழ விழுறது கொஞ்சம்தான். மிச்சம் இங்கயேதான் நிக்குது."

அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்றுச் சொன்னதையே மறுபடி சொன்னார். "பழசுல வரலியே."

இனிமேலும் மறைத்தால் நான் மனிதனே இல்லை.

"வந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

"எதை?"

"புள்ளியை. ஃபிளாஷ் போட்ட எல்லாப் படத்துலயும் இருந்துச்சு. கேமரா கோளாறுன்னு நெனச்சு, எடுத்துட்டு எடுத்துட்டு அச்சுப்போட்டுக் குடுத்தேன்."

அவர் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள்தான், எத்தனை நாளாக என்று கேட்டாள். ஆரம்பத்திலிருந்தே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்து அது இருமலாக மாறியது. அடங்கியதும் சொன்னாள்.

"நான் துணியில எடுத்தேன். நீங்க படத்துல எடுத்தீங்க. நாம ரெண்டு பேருமே ரொம்பச் சுத்தம்ணே."

அவர் மெதுவாக அவள் கையிலிருந்து சட்டையை வாங்கினார். வாங்கியதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொடியில் போடப் போனார், மடிக்கப் போனார். கடைசியில் வாளித் தண்ணீரில் அமுக்கி, அது மேலே வராதபடி கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. புள்ளியோடு போட்ட படத்தை ஒரு உறையில் வைத்து எடுத்துப்போனோம். புதிதாக எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வேறு எது தெரியாவிட்டாலும் படம் பார்க்கத் தெரிந்தவன் நான். இரண்டு பக்க நெஞ்சிலும் அதே வெள்ளைப் புள்ளி. ஒன்றையும் எடுக்காமல் அச்சுப்போட்டது போல இருந்தது. டாக்டர் நாங்கள் கொண்டுபோன படத்தையும் எக்ஸ்ரேயையும் மாறி மாறிப் பார்த்தார். இது காசநோய் இல்லை, கல்மாவு நெஞ்சில் படிந்தது, அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம், ஆனால் இதற்கு மருந்து கிடையாது, மூச்சு முட்டும்போது ஆக்சிஜன் வைக்கலாம், அவ்வளவுதான் என்றார். பிறகு, இந்தப் படத்தை முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"எடுக்க முடியாதா சார்? அந்தப் புள்ளியை" என்று இவர் கேட்டார்.

"உள்ளே போனதை எடுக்க வழியில்லைங்க. நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. உங்களுக்கும் இருமல் இருக்கே."

தனக்கு வேண்டாம் என்று இவர் எழுந்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் மில் வாசலுக்கு எதிரே சாலைக் குழாயில் குளித்து, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். அழுக்குத் துணியை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரில் அமுக்கித் தூக்கிக்கொண்டு நடப்பார். பெரிய துரை வந்துவிட்டார் என்று மற்ற வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். மில் கணக்குப்பிள்ளை கூப்பிட்டு, தெருவில் குளித்து மில்லின் பெயரைக் கெடுக்கிறாயா என்று கேட்டாராம். உள்ளே ஒரு குழாய் போட்டுத் தாருங்கள் என்றாராம் இவர். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அவள் சும்மா இருக்கவில்லை. அந்தப் படத்தைக் கைக்கடக்கமாகப் பத்துப் பிரதி என்னிடம் கேட்டு வாங்கினாள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அதற்குமேல் நடக்கத் தெம்பில்லை. யாருக்கெல்லாம் உதறச் சொல்லிக்கொடுத்தாளோ அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, படத்தைக் காட்டி, உதறாதே என்று சொல்லிவிட்டு வருவாள். பலர் கேட்டுக்கொண்டார்கள். உதறாமல் நனைத்தால் சட்டை அட்டையாகப் போகும் என்று நீதானே அக்கா சொன்னாய் என்று மடக்கினவர்களும் உண்டு. அட்டையாகவே போகட்டும் என்பாளாம்.

ஒருநாள் மத்தியானம், அவர் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து என் கடைக்கு வந்தாள். வழியில் நாலைந்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்ததாகச் சொன்னாள். நாற்காலியில் அமர்த்தி, மின்விசிறியைப் போட்டு, வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"நான் போனதும் இவரு அந்தப் படத்தைத்தான் பெருசாப் போடச் சொல்லுவாரு. எனக்குத் தெரியும். அப்ப நீங்க புள்ளியெல்லாம் எடுத்துடணும்."

"அப்படியெல்லாம் பேசாதம்மா."

"நான் பேசுறதைக் கேளுங்க, எனக்கு மூச்சு இல்ல. புள்ளியோட மாட்டுனா அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. எம்மேல இருந்து வந்ததுதானே, என் சட்டையில இருந்து வந்ததுதானேன்னு நெனச்சு நெனச்சு. இப்பவே அப்படித்தான். சோறு வச்சா தட்டைப் பார்க்க மாட்டேங்குறாரு, என் கையைப் பார்க்குறாரு. அவருக்கு அது வேணாம்ணே. நீங்க எடுத்துடுங்க. உங்களுக்கு அது நல்லா வரும்."

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, கேட்கத்தான் கேட்டாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவள் போய்விட்டாள். கடைசி மூன்று வாரமும் படுக்க முடியாமல், தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தபடியேதான் இருந்தாள்.

பதினைந்து நாள் கழித்து அவர் வந்தார். கார்டைத் தீப்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு பெரிசாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிசாக என்றார். எழுந்து போகும்போது வாசலில் திரும்பி நின்றார்.

"ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாதுண்ணே."

மூன்று நாள் அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இருக்கிறவர் சொன்ன சொல் ஒரு பக்கம். இரண்டு பேரிடமும் நல்லவனாக இருக்கப் பார்த்தேன். சுவர்மேல் இருந்த புள்ளிகளை விட்டுவிட்டேன். சட்டையைச் சுற்றி இருந்ததையும் விட்டுவிட்டேன். முகத்தில் இருந்ததை மட்டும் எடுத்தேன். கன்னம், நெற்றி, கண்ணுக்குக் கீழே, உதட்டோரம். சுற்றிலும் அத்தனை புள்ளி இருக்கும்போது இந்தச் சிலதைக் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பினேன். முப்பது வருஷத்தில் அதைவிடச் சுத்தமாக நான் ஒரு வேலை செய்ததில்லை. முகம் அழகாக வந்தது. பார்க்கும்போது எனக்கு அழுகை வந்தது.

அவர் வந்து படத்தை வெளிச்சத்துக்கு நேரே நிமிர்த்தி வைத்துப் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒரு விரல் நீண்டு, தொடாமல், அவள் கீழுதட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இங்க ஒண்ணு இருந்துச்சு."

விரல் மேலே போனது.

"இங்க ரெண்டு."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வந்தது, உட்கார்ந்தது, கேட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். அவள் உட்கார்ந்த அதே நாற்காலி. அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவர் விசாரிக்கவில்லை.

"நடந்தா வந்தா?"

"நடந்துதான்."

"இவ்வளவு தூரமா?" என்றார். மறுபடியும், "இவ்வளவு தூரம்" என்றார். பிறகு எழுந்து படத்தை என் பக்கம் திருப்பினார். "வைங்கண்ணே. எடுத்ததையெல்லாம் திரும்ப வைங்க."

புள்ளி எடுக்காத படம் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது, நாளைக்கு வேறு அச்சுப்போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"இதுலயே வைங்க. எங்கெங்கன்னு நான் சொல்றேன்."

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தின காலத்துத் தூரிகை ஒன்று மேசையடியில் கிடந்தது, நாலைந்து முடி மட்டும் உள்ளது. அதைத் தேடி எடுத்து, வெள்ளைச் சாயத்தைத் தொட்டுக்கொண்டேன். ஆயுசு முழுக்கப் புள்ளி எடுத்தே பிழைத்தவன், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புள்ளி வைத்தேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல வைத்தேன். இன்னும் கொஞ்சம் மேலே. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று. இது பெரிசு, ஆனால் மங்கலாக இருக்கும். நெற்றிக் கோட்டில் மூன்று. பிற்பாடு ஒருநாள் புள்ளி எடுக்காத படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட இடம் மாறவில்லை.

கடைசியாக உதட்டோரத்தில் இருந்தது. தூரிகை அதற்கு நேரே போய் நின்றுவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூட்டை தைத்துக் காய்த்துப்போன கை. வைத்தேன்.

சாயம் காய அரை மணி ஆகும், இருந்து எடுத்துப் போங்கள் என்றேன். அவர் இருக்கவில்லை. ஈரத்தில் மூச்சுப் பட்டால்கூடக் கலைந்துவிடும் என்று எச்சரித்தேன்.

"தெரியும்ணே. படாம எடுத்துட்டுப் போறேன்."

இரண்டு கையாலும் படத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில் அவருக்கு இருமல் வந்தது. படத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி, அது அடங்கும்வரை அங்கேயே நின்று இருமினார்.